வீட்டுப்பாட நோட்டும் நம்ம குழு நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இதுக்கு முன்னாடி நான் மேடை ஏறினது ஒரே ஒரு தடவைதான். எங்க குழுவுக்கு வங்கிக் கடன் கொடுத்தப்ப காசோலையைப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னேன். அன்னைக்கு வாயே திறக்கலை. இப்ப பேசச் சொல்லியிருக்காங்க. "நான் என்னக்கா பேசறது?"ன்னு கேட்டேன். "சாயங்காலம் உன் வீட்டுத் திண்ணையில பிள்ளைகளை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, அதைப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க.

முதல்லயே ஒண்ணைச் சொல்லிடறேன். நான் டீச்சர் இல்லை. அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. இங்கிலீஷ்ல என் பேரை எழுதுவேன், அவ்வளவுதான். அதனால இது படிச்சவங்க சொல்ற புத்தி இல்லை. ஒரு பிள்ளை விஷயத்துல ஏமாந்து, இன்னொரு பிள்ளை விஷயத்துல கண் முழிச்ச ஒருத்தியோட அனுபவம்.

மூத்தவனோட நோட்டு

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் பையன், அடுத்தது பொண்ணு. ரெண்டு பேருக்கும் நடுவுல நிறைய வருஷ இடைவெளி.

மூத்தவனை இங்கிலீஷ் மீடியத்துலதான் போடணும்னு பிடிவாதமா ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். அந்த ஃபீஸுக்காக நம்ம குழுவுலதான் உள்கடன் வாங்கினேன். ஒரு தடவை 10,000, இன்னொரு தடவை 15,000. ரெண்டையும் ஒரு தவணை தவறாமக் கட்டி முடிச்சேன். என் கடன் அட்டையைப் பார்த்தா ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. பையனோட வீட்டுப்பாட நோட்டும் அப்படித்தான் இருந்துச்சு. பக்கம் பக்கமா எழுத்து, முத்து முத்தா, எல்லாத்துக்கும் சிவப்பு மையில சரி. சாயங்காலம் டியூஷன் வேற, மாசம் 400 ரூபா. நோட்டைப் பார்த்து நான் பூரிச்சுப் போவேன். கையெழுத்துப் போடற இடத்துல என் பேரைப் போடுவேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டாலும் எனக்கென்ன புரியப் போகுதுன்னு ஒரு நினைப்பு.

ஆறாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாத்தினோம். ஃபீஸ் கட்ட முடியலை. சேர்த்த அன்னைக்கு அந்த டீச்சர் இங்கிலீஷ் புத்தகத்துல ஒரு வரியைக் காட்டி, "வாசிப்பா"ன்னு சொன்னாங்க. அவன் தலையைக் குனிஞ்சான். நாலு வார்த்தை உள்ள வரி. அவனால முடியலை. டீச்சர் திட்டலை. "ரெண்டாவது மூணாவது பாடம்மா இது, எங்கேயோ விட்டுப் போச்சு"ன்னு மட்டும் சொன்னாங்க.

அப்புறந்தான் விசாரிச்சேன். போர்டுல இருக்கிறதைப் பார்த்து எழுதியிருக்கான். டியூஷன்ல கணக்குக்கு விடையைச் சொல்லிடுவாங்களாம், இவன் எழுதிக்குவானாம். நோட்டு நிறைஞ்சுச்சு. பிள்ளை நிறையலை. பத்தாவதுல இங்கிலீஷும் கணக்கும் போச்சு. இப்ப பட்டறையில வண்டி வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை, சம்பாதிக்கிறான், வீட்டுக்குக் கொடுக்கிறான். அந்த வேலையை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா அவன் அதைத் தேடிப் போகலை, வேற வழி இல்லாமப் போனான். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

52-ல 27 போனா

பொண்ணை நம்ம ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியிலதான் போட்டேன். அவ மூணாவது படிக்கிறப்ப ஒரு ராத்திரி. மறுநாள் வங்கியில கட்ட வேண்டிய குழுப் பணத்தைத் தரையில பரப்பி எண்ணிக்கிட்டு இருந்தேன். அவ பக்கத்துல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தா. எட்டிப் பார்த்தேன்.

52 − 27 = 35 என்று எழுதியிருந்தா.

கழித்தல் கணக்கு எனக்குத் தெரியும். இது தப்பு. அதுக்குக் கீழ இன்னும் நாலு கணக்கு, நாலும் இதே மாதிரி தப்பு. மூத்தவனா இருந்திருந்தா தலையில ஒரு குட்டு வச்சு, "கவனம் எங்க இருக்கு?"ன்னு கேட்டிருப்பேன். அன்னைக்கு என்னவோ, கையில பணம் இருந்ததால அடிக்கத் தோணலை. "எப்படிப் போட்டடி இதை?"ன்னு கேட்டேன்.

அவ சொன்னா: "ரெண்டுல ஏழு போகாதும்மா. அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன், அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு."

பாருங்க, பிள்ளை கவனமில்லாமப் போடலை. யோசிச்சுத்தான் போட்டிருக்கு. யோசனை ஒரு இடத்துல வழி மாறிப் போச்சு. அஞ்சு கணக்கும் ஒரே மாதிரி தப்பா வந்ததுக்குக் காரணம் அதுதான். கவனக் குறைவுன்னா ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு வேற மாதிரி தப்பும். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தா, அதுக்குள்ள ஒரு காரணம் இருக்கு. கேட்டாத்தான் அது வெளிய வரும். அடிச்சா உள்ளேயே போயிடும்.

தரையில கிடந்த பணத்துல இருந்து அஞ்சு பத்து ரூபாத் தாளும் ரெண்டு ஒரு ரூபாக் காசும் எடுத்து அவ கையில கொடுத்தேன். "எவ்வளவு?" "அம்பத்திரண்டு." "சரி, எனக்கு இருபத்தேழு ரூபா குடு."

ரெண்டு பத்து ரூபாத் தாளை டக்குனு கொடுத்தா. ஏழு ரூபாய்க்குக் காசைப் பார்த்தா, ரெண்டுதான் இருக்கு. "சில்லறை இல்லையேம்மா." "கடையில சில்லறை இல்லைன்னா என்ன செய்வோம்?" "பத்து ரூபாயை மாத்துவோம்."

மாத்தினா. ஒரு தாளை என்கிட்டக் கொடுத்துட்டு பத்துக் காசு வாங்கிக்கிட்டா. இப்ப அவகிட்டக் காசு மட்டும் பன்னிரண்டு. அதுல ஏழைக் கொடுத்தா, மீதி அஞ்சு. தாள் மீதி ரெண்டு. "இருபத்தஞ்சும்மா"ன்னு சொல்லிட்டு அவளே நோட்டைப் பார்த்தா. நான் ஒண்ணும் சொல்லலை. அவளே அழிச்சா.

இதைப் பள்ளிக்கூடத்துல 'கடன் வாங்கிக் கழித்தல்'னு சொல்றாங்க. நமக்குப் படிக்கிறப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு"ன்னு. குழு நடத்துற நமக்கு இந்தப் பேர்ல ஒரு சிக்கல் இருக்கு. பத்தாம் இடம் ஒண்ணாம் இடத்துக்குக் கடன் கொடுக்குது. அசலும் திரும்பி வரலை, வட்டியும் வரலை. இப்படி ஒரு கடனை நம்ம குழுவுல கொடுத்தா தலைவியை மாத்திட மாட்டோமா? (சிரிப்பு) உண்மையில அது கடனே இல்லை. சில்லறை மாத்துறது. பத்து ரூபாத் தாள் பத்துக் காசா மாறுது. கையில இருக்கிறது அப்பவும் 52 ரூபாதான். இது பிள்ளைக்குப் புரிஞ்சா, 'ஒண்ணு வெட்டு, மேல எழுது'ன்னு மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

அடுத்து அவகிட்ட இன்னொண்ணு கேட்டேன். "சரியா வந்திருக்குன்னு எப்படித் தெரியும்?" முழிச்சா. நம்ம குழுவுல என்ன செய்வோம்? ஆரம்ப இருப்பு, அதோட வரவு, கழிச்சா செலவு, மீதி கை இருப்பு. நோட்டுல வந்ததையும் பெட்டியில இருக்கிறதையும் ஒத்துப் பார்க்காமப் பூட்டுப் போடுவோமா? மாட்டோம். அதே மாதிரிதான். மீதியையும் கொடுத்ததையும் கூட்டு. 25-ம் 27-ம் 52. சரி. முன்னாடி நீ போட்ட 35-ஐயும் 27-ஐயும் கூட்டு. 62 வருது. பெட்டியில இல்லாத பத்து ரூபா எங்கிருந்து வந்துச்சு? அவளே சிரிச்சுட்டா.

எண் எழுதறதுலயும் பணம்தான் கை கொடுக்கும். 'முந்நூற்று ஐந்து' எழுதச் சொன்னா நிறைய பிள்ளைங்க 3005-னு எழுதும். காதுல விழறபடி 300-ஐ எழுதி, பக்கத்துல 5-ஐ ஒட்ட வச்சிடும். மூணு நூறு ரூபாத் தாள், அஞ்சு ஒரு ரூபாக் காசு எடுத்து வைங்க. நடுவுல பத்து ரூபாத் தாள் இருக்கான்னு கேளுங்க. இல்லை. இல்லைங்கிறதுக்குத்தான் அந்த நடு சைபர். 305.

வாய்ப்பாடு ராகமாச் சொல்லும். "ஏழெட்டு எவ்வளவு?"ன்னு நடுவுல கேட்டா ஓரேழு ஏழுல இருந்து ஆரம்பிக்கும். திட்டாதீங்க. மறந்தா எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு வழி காட்டுங்க. ஏழு நாலு 28 தெரியுமா? அதோட இன்னொரு 28. 56. அவ்வளவுதான். நான் பூக்கட்டறப்ப அவ எதிர்ல உக்காந்து முழக் கணக்குச் சொல்லுவா. ஒரு முழம் 30 ரூபான்னா ஆறு முழம் எவ்வளவு, 500 ரூபாத் தாள் கொடுத்தா மீதி எவ்வளவு. அதுவும் வீட்டுப்பாடந்தான்.

"எனக்குக் கணக்கு வராது"ன்னு யாரும் சொல்லாதீங்க. நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னா, 15,000-க்கு மாசம் எவ்வளவு? பாருங்க, பேனா இல்லாமலே பின்னாடி உக்காந்திருக்கிற அக்கா நூத்தம்பதுன்னு சொல்றாங்க. நமக்குக் கணக்கு வரும். நோட்டுல இருக்கிற கணக்கு அதுதான்னு யாரும் நமக்குச் சொல்லலை.

பூனைப் படத்தை விரலால மறைங்க

இப்ப இங்கிலீஷ். இதுலதான் எல்லாருக்கும் பயம். எனக்கும்.

மூத்தவன்கிட்ட ஏமாந்தது இதுலதான்ங்கிறதால, பொண்ணு நோட்டை எடுத்தா நான் ஒரு வேலை செஞ்சேன். புத்தகத்துல பூனைப் படம் போட்டுக் கீழ மூணு எழுத்து இருக்கும். அவ "சி, ஏ, டி, கேட்"னு கத்துவா. ஒரு நாள் படத்தை விரலால மறைச்சுக்கிட்டு, "இப்பச் சொல்லு"ன்னேன். எழுத்தைப் பார்க்கிறா, என்னைப் பார்க்கிறா. வரலை. அதுவரைக்கும் படத்தைத்தான் வாசிச்சிருக்கா.

அப்ப எங்க ஊர்ல இல்லம் தேடிக் கல்வி மையத்துல ஒரு தங்கச்சி சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்துச்சு. அந்தத் தங்கச்சிகிட்டக் கேட்டேன். அது சொன்னது எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்துச்சு. "அக்கா, தமிழ்ல எழுத்தோட பேரும் அதுதான், சத்தமும் அதுதான். 'க'ன்னு பேர், 'க'ன்னு சத்தம். ப, ட, ம் மூணையும் சேர்த்தா 'படம்' வந்துடும். இங்கிலீஷ்ல பேர் வேற, சத்தம் வேற. சி, ஏ, டின்னு பேரை வேகமாச் சொன்னா 'சியேடி'ன்னுதான் வரும். 'கேட்' எப்படி வரும்? அந்த இடத்துல 'சி'க்கு 'க்'ங்கிற சத்தம். கோழிக்கு 'ஹென்'னு எழுதறப்ப 'எச்'ங்கிற எழுத்துக்கு 'ஹ்'ங்கிற சத்தம். பிள்ளைக்குப் பேர் மட்டும் தெரிஞ்சாப் பத்தாது. சத்தம் தெரியணும்."

பள்ளிக்கூடத்துலயும் சத்தத்தை வச்சுச் சொல்லித் தர்றாங்க. நாமதான் வீட்டுல ஏ, பி, சி, டி பாட்டுப் பாடச் சொல்லிட்டு விட்டுடறோம்.

அதுக்கப்புறம் நாங்க வீட்டுல செஞ்சது ரொம்பச் சின்ன வேலை. சாக்பீஸால வாசல் சிமெண்டுல அந்தப் பூனை வார்த்தையை எழுதச் சொன்னேன். பின்னாடி ரெண்டு எழுத்தை வச்சுக்கிட்டு முதல் எழுத்தை மட்டும் மாத்து. 'பி' போட்டா பேட். 'எம்' போட்டா மேட். 'ஆர்' போட்டா ரேட், எலி. ஒரு வார்த்தையில இருந்து நாலு வார்த்தை. நாலையும் படம் இல்லாம வாசிச்சா. கூடவே நானும் வாசிச்சேன். என் வயசுக்கு அன்னைக்குத்தான் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை நானா எழுத்துக் கூட்டினேன்.

சின்ன எழுத்துல 'பி'யும் 'டி'யும் எல்லாப் பிள்ளைக்கும் மாறும். ஒரு கோடு, ஒரு வயிறு. 'பி'க்கு வயிறு வலப் பக்கம், 'டி'க்கு இடப் பக்கம். கொஞ்ச நாள் மாறி மாறித்தான் எழுதும். பொறுமையாத் திருத்தினாச் சரியாயிடும்.

'அஞ்சு தடவை எழுதி வா'ன்னு கொடுக்கிற வீட்டுப்பாடத்தைப் பிள்ளைங்க எப்படி எழுதுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? முதல் எழுத்தை மேலேருந்து கீழ அஞ்சு தடவை எழுதும். அப்புறம் ரெண்டாவது எழுத்தை அஞ்சு தடவை. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. முடிஞ்சதும் பார்த்தா வார்த்தை அஞ்சு தடவை வந்திருக்கும். வார்த்தை மட்டும் மண்டைக்குள்ள ஒரு தடவை கூடப் போயிருக்காது. அதனால எழுதி முடிச்சதும் நோட்டை மூடச் சொல்லுங்க. வார்த்தையை ஒரே ஒரு தடவை பார்க்காமச் சொல்லிக்கிட்டே எழுதச் சொல்லுங்க. திறந்து ஒத்துப் பார்க்கச் சொல்லுங்க. இதுக்கு அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதே இல்லை. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கான்னு கண்ணால பார்த்தாப் போதும்.

வீட்டுலயே இங்கிலீஷ் எழுத்து கிடக்குது. சோப்பு உறை, பிஸ்கட் பொட்டலம், மாத்திரை அட்டை. மாத்திரை அட்டையில காலாவதித் தேதி எங்க இருக்குன்னு எங்க வீட்டுல இப்ப பொண்ணுதான் தேடிச் சொல்றா. அவ அப்பத்தாவுக்கு வாங்கின மருந்துல பார்த்துச் சொல்லித்தான் பழகினா.

இடது கை கணக்கு

நம்ம அரசுப் பள்ளிகள்லயும் இப்ப ஆங்கில வழி வகுப்பு இருக்கு. நிறைய பேர் பிள்ளைங்க அதுல படிக்குது. அந்த வீடுகள்ல நடக்கிற ஒண்ணைச் சொல்றேன்.

திண்ணைக்கு வர்ற ஒரு பையன், ஆங்கில வழி. கூட்டல் கழித்தல் எல்லாம் வாயாலேயே போடுவான். ஆனா நோட்டுல கணக்குக் கணக்கா தப்பு. ஒரு கணக்கைத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். 'பதினஞ்சு மாம்பழம் இருந்துச்சு, ஆறைச் சாப்பிட்டாங்க'. அதுவரைக்கும் சரியாச் சொன்னான். கடைசியில 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்'னு இருக்கு. "லெஃப்ட்னா இடது கை அத்தை. இடது பக்கம் எத்தனைன்னு கேக்கிறாங்க. படம் இல்லையே?"ங்கிறான்.

அவன்மேல என்ன தப்பு? லெஃப்ட், ரைட்னு பள்ளிக்கூட மைதானத்துல நடக்கச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதே வார்த்தைக்கு 'மீதி'ன்னு இன்னொரு அர்த்தம் இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. மீதி எவ்வளவுன்னு தமிழ்ல கேட்ட உடனே ஒன்பதுன்னு சொல்லிட்டான்.

கணக்குல தப்புன்னு நாம நினைக்கிறது சில நேரம் இங்கிலீஷ்ல இருக்கும். அதனால ஆங்கில வழிப் பிள்ளைங்க வீட்டுல, கணக்கைப் போடறதுக்கு முன்னாடி அதைத் தமிழ்ல கதையாச் சொல்லச் சொல்லுங்க. கதை சொல்ல வந்தாக் கணக்கு வரும். 'ஆல்டுகெதர்'னா மொத்தம், 'ஈச்'னா ஒவ்வொண்ணுக்கும், 'லெஃப்ட்'னா மீதி. இப்படி ஒரு பத்து வார்த்தையைப் பின் அட்டையில எழுதி வச்சுக்கிட்டோம். டீச்சர்கிட்டக் காட்டி, சரியான்னு கேட்டுக்கிட்டோம்.

மூணு கேள்வி

இப்ப எங்க திண்ணையில எட்டுப் பிள்ளைங்க வருது. எங்க குழுவுல அஞ்சு அம்மாமார் முறை வச்சுக்கிட்டோம், வாரத்துல ஆளுக்கு ஒரு நாள். அந்த அஞ்சு பேர்ல ஒருத்தங்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அவங்க நாள்லதான் பிள்ளைங்க ரொம்ப நல்லாப் படிக்குதுங்க. ஏன்னா அவங்களால விடையைச் சொல்லிக் கொடுக்க முடியாது. பிள்ளைதான் அவங்களுக்கு விளக்கிச் சொல்லணும். சொல்றப்பவே தன் தப்பை அதுவே பிடிச்சுக்குது.

நாங்க கேக்கிறது மூணே கேள்வி. இந்த மூணையும் எல்லாரும் மனசுல வச்சுக்கங்க.

ஒண்ணு, "வாசிச்சுக் காட்டு."

ரெண்டு, "எப்படிப் போட்ட?"

மூணு, "சரின்னு எப்படித் தெரியும்?"

நேரம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. நூறு நாள் வேலைக்குப் போய், களை எடுத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, அடுப்புப் பத்த வைக்கிற நேரம் எனக்கும் தெரியும். இதுக்கு ரெண்டு மணி நேரம் வேண்டாம். இருபது நிமிஷம் போதும், ஆனா தினமும். காய் நறுக்கிக்கிட்டே கேக்கலாம், பூக்கட்டிக்கிட்டே கேக்கலாம். அந்த இருபது நிமிஷம் மட்டும் போனும் டிவியும் அணைஞ்சிருக்கணும். வீட்டுல அப்பா இருந்தா அவரும் கேக்கட்டும். கேள்வி கேக்கிறதுக்கு ஆம்பளை பொம்பளை வித்தியாசம் இல்லை.

சின்னப் பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடத்தைக் குவிக்கச் சொல்லி நாமளே பள்ளிக்கூடத்துல சண்டை போடறோம். "நோட்டுல ஒண்ணுமே எழுதித் தரலையே"ங்கிறோம். மத்திய கல்வி அமைச்சகம் 2020-ல கொண்டு வந்த புத்தகப் பைக் கொள்கையில, ரெண்டாம் வகுப்பு வரைக்கும் வீட்டுப்பாடமே வேண்டாம், மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. 2018-லயே சென்னை உயர் நீதிமன்றமும் ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாதுன்னு சொல்லிச்சு. அதனால ஒண்ணாவது படிக்கிற பிள்ளையை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் எழுத வச்சு, அது நோட்டு மேலேயே தூங்கி விழறதைப் பெருமையாச் சொல்லாதீங்க. அந்த வயசுல கதை கேக்கட்டும், புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக் குவிச்சு எண்ணட்டும். அதுவே பயிற்சிதான்.

சரி, செய்யக் கூடாதது என்ன? விடையைச் சொல்லிக் கொடுத்து எழுத வைக்காதீங்க. நாளைக்கு டீச்சர் பார்க்கிறப்ப, பிள்ளைக்குத் தெரியும்னு நினைச்சு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க. தப்பு தப்பாவே டீச்சர் கண்ணுல பட்டாத்தான் அவங்களுக்கு எங்க சொல்லித் தரணும்னு தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட்டுப் பேசாதீங்க. அடிக்காதீங்க. நான் அடிச்சிருக்கேன். மூத்தவன் நோட்டை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சான். அப்பவும் அவனைத்தான் திட்டினேன்.

எவ்வளவு சொன்னாலும் பிள்ளைக்கு ஏறலைன்னா, மக்குன்னு பேர் வைக்காதீங்க. போர்டு தெரியுதான்னு கேளுங்க. எங்க திண்ணைப் பிள்ளை ஒண்ணு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துச்சு. பள்ளிக்கூடத்துல சொல்லி, கண் பரிசோதனை பண்ணிக் கண்ணாடி போட்டாங்க. இப்ப அது பாட்டுக்கு வாசிக்குது. இன்னொரு பிள்ளைக்கு என்ன செஞ்சும் எழுத்து நிக்க மாட்டேங்குது. அதை நாங்க சரி பண்ணிட்டோம்னு பொய் சொல்ல மாட்டேன். டீச்சரும் அந்த அம்மாவும் சேர்ந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க.

பள்ளிக்கூடத்துல கேளுங்க

நம்ம தமிழ்நாட்டுல 2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கினாங்க. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு, தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூணையும் அந்தந்தப் பிள்ளை நிக்கிற இடத்துல இருந்து சொல்லித் தரணும்ங்கிறதுதான் அதோட நோக்கம். டீச்சரைப் பார்த்தா "எம்பிள்ளை நல்லாப் படிக்குதா?"ன்னு கேக்காதீங்க. "நல்லாப் படிக்குது"ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிடும். "படத்தை மறைச்சா வாசிக்குதா? கழித்தல்ல சில்லறை மாத்தத் தெரியுதா? வீட்டுல நான் எதைக் கேக்கணும்?"னு கேளுங்க. நான் அப்படிக் கேட்டப்ப டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னாங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. அங்க போய்க் கையெழுத்து மட்டும் போட்டுட்டு வர்றதை விட்டுட்டு, இதைக் கேளுங்க.

கடைசியா ரெண்டு வார்த்தை.

1990-கள் தொடக்கத்துல நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க அம்மா பகலெல்லாம் கல் உடைச்சுட்டு வந்து, ராத்திரி சிலேட்டைப் பிடிச்சாங்க. சைக்கிளும் ஓட்டப் பழகினாங்க. அப்ப நான் சின்னப் பிள்ளை. அவங்க எழுதறதைப் பக்கத்துல உக்காந்து பார்ப்பேன். "வாசிச்சுக் காட்டும்மா"ன்னு தொந்தரவு பண்ணுவேன். அவங்களும் எழுத்துக் கூட்டி வாசிப்பாங்க. அம்மாவுக்கு வீட்டுப்பாடம் கேட்ட நான், என் மகனுக்குக் கேக்காம விட்டுட்டேன்.

போன மாசம் ஒரு நாள் பொண்ணு எனக்கு ஏதோ கணக்கை விளக்கிக்கிட்டு இருந்தா. மூத்தவன் பட்டறையிலிருந்து வந்து, கையில கிரீஸோட நிலைப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். அப்புறம் சொன்னான், "எனக்கும் இப்படி உக்காந்திருக்கலாமேம்மா." கோபமாச் சொல்லலை. சும்மாத்தான் சொன்னான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இப்ப அவன் தனித்தேர்வரா பத்தாவது எழுத மறுபடியும் புத்தகத்தை எடுத்திருக்கான். பாஸ் பண்ணுவானான்னு தெரியாது. ஆனா தினமும் ராத்திரி இருபது நிமிஷம் நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். அவன் போடற கணக்கு எனக்குப் புரியலை. "எப்படிப் போட்ட?"ன்னு மட்டும் கேக்கிறேன். அவன் சொல்றான்.

ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். குழுக் கூட்டத்துல சேமிப்பு கட்டியாச்சான்னு கேக்கிறோம், தவணை கட்டியாச்சான்னு கேக்கிறோம். ஒரு தவணை தவறினா வீடு தேடிப் போறோம். இனிமே மூணாவதா ஒண்ணையும் கேப்போம். "இந்த வாரம் பிள்ளை வாசிச்சுக் காட்டுச்சா?" இதைத் தீர்மான நோட்டுல ஒரு வரியா எழுதி, எல்லாக் குழுவும் எடுத்துக்கணும்னு இந்தப் பொதுக்குழுவைக் கேட்டுக்கிறேன்.